ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிப்பதற்கு முன் நோயைக் கண்டுபிடியுங்கள்

பங்குனி பிறந்ததும் யாங்கோனில் வெயில் தலைக்கு நேராக வந்து நின்றுவிடும். அந்த வாரம் தொடங்கிச் சித்திரை முதல் நாளும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் முடியும் வரை எங்கள் பட்டறை வாசலில் கார்கள் வரிசை கட்டும். இறங்கி வருகிறவர்கள் பத்துப் பேரில் எட்டுப் பேர் ஒன்றையேதான் சொல்கிறார்கள்: "தம்பி, ஏசி குளிரவில்லை. கேஸ் அடித்துக் கொடு."

வயிற்று வலி என்று சொல்லாமல் மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்பதைப் போன்றது இது. ஏசி கேஸ் பெட்ரோல் அல்ல. அது எரிந்து தீர்வதில்லை. ஓட ஓடக் குறைவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் ஒரே கேஸ் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. முன்னால் இருக்கும் கண்டன்சர் அதன் சூட்டை வெளியே தள்ளித் திரவமாக்குகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழுந்து, டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்குள் அது கொதித்து ஆவியாகிறது. நம் கார்களில் பெரும்பாலும் இருக்கிற 134ஏ கேஸ், திறந்த வெளியில் பூச்சியத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதிக்கக் கூடியது. அந்தக் கொதிப்புக்கு வேண்டிய சூட்டைக் காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நமக்குக் குளிர் கிடைப்பது அப்படித்தான்.

ஆகவே கேஸ் குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது. குறையாமலே குளிர் போயிருந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் வெறுமனே கேஸ் அடிப்பது தீர்வாகாது. இத்தனை வருட வேலையில் நான் மாற்றிய கம்ப்ரசர்களில் பல, அவசரப்பட்டு அடித்த கேஸால் செத்தவை. அந்தச் செலவும் வேதனையும் உங்களுக்கு வேண்டாம். அறிகுறியைப் பார்த்து ஒவ்வொன்றாகப் போவோம்.

முதலில் செய்ய வேண்டிய சிறு சோதனை

காரை நிழலில் நிறுத்துங்கள். என்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழுக் குளிரில் வைத்து, உள்காற்று சுழலும் பொத்தானை அழுத்துங்கள். நடுத் துவாரத்தில் ஒரு சிறிய வெப்பமானியைச் செருகி, என்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் பத்து நிமிடம் வைத்திருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது துவாரத்தில் 8 முதல் 12 டிகிரி வந்தால் உங்கள் ஏசி நன்றாகவே இருக்கிறது. பகலெல்லாம் வெயிலில் நின்ற காரின் இருக்கையும் டாஷ்போர்டும் விடும் சூடு அடங்கக் கால் மணி நேரம் ஆகும். ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி வெப்பக் காற்றை வெளியேற்றிய பிறகு மூடினால், அந்தக் கால் மணி பாதியாகக் குறையும்.

அடுத்து பானட்டைத் திறந்து, கேபினை நோக்கிப் போகும் இரண்டு அலுமினியக் குழாய்களைப் பாருங்கள். தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும். மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் குழாயைத் தொடாதீர்கள், கை சுட்டுவிடும். பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகே சட்டைக் கையோ தாவணியோ போகக் கூடாது.

காற்று குறைவு, ஆனால் வருவது குளிராக இருக்கிறது

இதற்குக் கேஸோடு எந்தத் தொடர்பும் இல்லை. கேபின் பில்டர் அடைத்திருக்கிறது. பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது. கிளவ் பாக்ஸின் இரு ஓரங்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கழன்று கீழே இறங்கும். ஜப்பானில் மாட்டிய பில்டரே பத்து வருடம் கழித்து இங்கே கறுத்துப் போய் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். சில சிக்கன மாடல்களில் பில்டருக்கான இடம் மட்டும் இருக்கும், பில்டர் இருக்காது. அப்படிப்பட்ட காரில் தூசியும் சருகும் நேரே கூலிங் காயிலில் போய்ப் படிந்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவியாக வேண்டும். அதன் பிறகு பில்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள். யாங்கோன் தூசிக்கு வருடம் ஒரு முறை மாற்றுவது போதாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஓடும்போது குளிர், நின்றால் வெக்கை

யாங்கோன்காரர்களுக்கு அதிகம் வரும் புகார் இதுதான். 2011-இல் கார் இறக்குமதி விதிகள் தளர்ந்த பிறகு சாலைகள் நிரம்பிவிட்டன. ஹ்லேடான் சந்திப்பில் மாலை ஆறு மணிக்கு நின்றவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி நகரும்போது முன்னாலிருந்து வரும் காற்றே கண்டன்சரைக் குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் அந்த வேலை முழுவதும் விசிறியின் தலையில் விழுகிறது. எனவே நின்றால் மட்டும் குளிர் போகிறது என்றால், கண்டன்சரால் சூட்டை வெளியே தள்ள முடியவில்லை என்று பொருள்.

இதை உறுதிப்படுத்த வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. காரை நிறுத்தி ஏசியை ஓடவிட்டு, குளிர் போகும் வரை காத்திருங்கள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கிரில் வழியாகக் கண்டன்சரின் மேல் மெல்லத் தெளியுங்கள். உடனே துவாரத்தில் குளிர் ஏறினால், குற்றம் சூட்டை வெளியேற்றும் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்படித் தண்ணீர் தெளித்ததும் குளிரும் காருக்குக் கேஸ் அடிக்க யாரையும் விடாதீர்கள்.

அடுத்து விசிறியைப் பாருங்கள். ஏசி போட்டதும் பெரும்பாலான கார்களில் அது சுழலத் தொடங்க வேண்டும். சுழலவில்லை என்றால் பியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போங்கள். பக்கத்தில் அதே வகை ரிலே இன்னொன்று இருக்கும். இடம் மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்குக் காசே ஆகாது. சுழன்றால் மட்டும் போதாது, எந்தப் பக்கம் இழுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு தாளைக் கிரில்லின் முன்னால் பிடியுங்கள். விசிறி அதை உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தாக்கேத்தா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், டாக்சி ஓட்டுகிறவர், ஒரே மாதத்தில் இரண்டு முறை கேஸ் அடித்துவிட்டு எங்களிடம் வந்தார். வேறொரு பட்டறையில் பழைய விசிறி மோட்டார் வாங்கி மாட்டியிருந்தார்கள். அதன் இரண்டு ஒயர்களும் இடம் மாறிப் போயிருந்தன. விசிறி முழு வேகத்தில் சுழன்றது, ஆனால் தலைகீழாக. தாளைப் பிடித்துப் பார்த்ததும் அது எங்கள் முகத்தை நோக்கிப் பறந்து வந்தது. ஒயரை மாற்றிப் போட்டு, அளவுக்கு மிஞ்சியிருந்த கேஸை எடுத்து, சரியான எடையில் மறுபடி நிரப்பிக் கொடுத்தோம். இரண்டு முறை கேஸுக்குக் கொடுத்தது அவருடைய பல நாள் வருமானம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

விசிறி சரியாக இருந்தால் கண்டன்சரின் அழுக்கைப் பாருங்கள். மழைக்காலத்தில் நகரத்துத் தெருக்களில் தேங்கும் சேற்று நீரில் ஓட்டிய கார்களில், கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மண் களிம்பு போல இறுகியிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். மண்டலே நெடுஞ்சாலையில் போய் வந்த வண்டிகளில் பூச்சிகளும், சில நேரம் முழு பிளாஸ்டிக் பை ஒன்றும் ஒட்டியிருக்கும். சாவுங்தா, ங்வேசாவுங் கடற்கரைகளுக்குப் போய்த் திரும்பினால், மறுநாளே நல்ல தண்ணீரில் கண்டன்சரைக் கழுவிவிடுங்கள். உப்பு அலுமினியத்தை அரிக்கும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். கார் கழுவும் இடத்தின் உயர் அழுத்தப் பீச்சியை அருகே கொண்டுபோனால் மெல்லிய தகடுகள் படுத்துவிடும். படுத்த தகட்டின் வழியே காற்று போகாது.

அரை மணி நேரம் குளிர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது

இந்த அறிகுறிக்கு மூன்று காரணங்கள் உண்டு. குளிர் நிற்கும் அந்த நேரத்தில் துவாரத்தில் கையை வைத்தால் அவற்றைப் பிரித்துவிடலாம்.

காற்றின் வேகமே குறைந்துபோயிருந்தால் கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடித்திருக்கிறது. ஏசி பொத்தானை மட்டும் அணைத்து, காற்றை ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் கட்டி கரைந்து, காருக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டும். காற்றும் பழையபடி வரும். பனி பிடிக்கக் காரணம் அடைத்த பில்டராக இருக்கலாம். கேஸ் குறைவாக இருக்கலாம். அல்லது காயிலின் குளிரை அளந்து கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சார் கெட்டிருக்கலாம்.

காற்று அதே வேகத்தில் வந்து, சூடாக மட்டும் இருந்தால் கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் காந்தக் கிளட்ச்சைச் சந்தேகியுங்கள். பழைய கார்களில் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையிலான இடைவெளி தேய்மானத்தால் அகன்றுவிடும். குளிர்ந்த நிலையில் காந்தம் எப்படியோ இழுத்துப் பிடித்துவிடும். சூடேறியதும் காந்தச் சுருளின் பலம் குறைந்து, தட்டை விட்டுவிடும். என்ஜினை அணைத்துவிட்டு, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான பீலர் கேஜை வைத்துப் பார்த்தால் இடைவெளி ஏறத்தாழ 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மிகுதியாக இருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே போதும். கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

மூன்றாவது காரணம் குழாய்க்குள் புகுந்த ஈரம். அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையில் உறைந்து வழியை அடைத்துவிடும். அப்போது அழுத்தம் அளக்கும் கேஜில் கீழ் அழுத்த ஊசி பூச்சியத்துக்கும் கீழே இறங்கும். அணைத்துவிட்டுச் சிறிது நேரம் பொறுத்தால் உறைந்தது கரைந்து மறுபடி குளிரும், மறுபடி நிற்கும். இதற்கு ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றி, நீண்ட நேரம் வாக்குவம் எடுப்பதை, அதாவது பம்பால் உள்ளே இருப்பதை உறிஞ்சி வெளியேற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

கம்ப்ரசரே பிடிக்கவில்லை

ஏசியைப் போட்டதும் வரும் "டக்" என்ற ஓசை வரவில்லை என்றால் பியூஸ், ரிலே, அதன் பிறகு கேஸ் அழுத்தம், கடைசியாகக் கிளட்ச்சுக்கு வரும் 12 வோல்ட் என்ற வரிசையில் பாருங்கள். குழாயில் பிரஷர் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. பல டொயோட்டாக்களில் அழுத்தம் ஏறத்தாழ 28 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே போனாலும், 455 பி.எஸ்.ஐ.-க்கு மேலே போனாலும் அது கம்ப்ரசரை ஓடவிடாது. சிலர் அந்த சுவிட்ச்சின் இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்து ஓட்டிக் காட்டுவார்கள். தயவுசெய்து உங்கள் காரில் அதற்கு அனுமதி கொடுக்காதீர்கள். கம்ப்ரசருக்கு எண்ணெயைத் திருப்பிக் கொண்டுவருவதே சுற்றி வரும் கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்து, அந்தத் தூள் கண்டன்சர் வரை போய் அடைத்துவிடும்.

புதிய கார்கள் சிலவற்றில் கிளட்ச்சே கிடையாது. கம்ப்ரசர் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும், அழுத்தும் அளவு மட்டும் உள்ளேயே மாறும். அவற்றில் ஓசையை எதிர்பார்க்க வேண்டாம்.

பழைய டொயோட்டாக்களில் ஏசி விளக்கு விட்டு விட்டு மின்னினால், கம்ப்ரசர் என்ஜினுக்கு ஈடாகச் சுழலவில்லை என்று கணினி கண்டுகொண்டிருக்கிறது. முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் இல்லை

பெரும்பாலும் கேஸ் குறைவு: காயிலின் ஒரு பகுதி மட்டுமே குளிர்கிறது. அழுத்தமும் எடையும் சரியாக இருந்தால் டாஷ்போர்டுக்குள் சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு நடுவில் சிக்கியிருக்கிறது. ஜப்பானின் குளிர்ப் பகுதியில் ஹீட்டர் போட்டே ஓடிய கார்கள் நம் ஊருக்கு வந்து அந்தப் பக்கமே திரும்பாமல் கிடக்கும்போது இது நேர்வதைக் கண்டிருக்கிறேன். வெப்பக் குமிழை இரு எல்லைகளுக்கும் பல முறை திருப்பிப் பாருங்கள், சில நேரம் விடுபட்டுவிடும்.

மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் குளிர் குறைந்தது

இப்போதுதான் கேஸின் முறை. இங்கேயும் முதல் கேள்வி எவ்வளவு போயிற்று என்பதல்ல, எங்கே போயிற்று என்பதுதான்.

கேஸோடு சேர்ந்து சிறிது எண்ணெயும் வெளியே வரும். எண்ணெயில் தூசி ஒட்டும். ஆகவே குழாய் இணைப்புகளில், கம்ப்ரசரின் முன்புறத்தில், கண்டன்சரின் முகத்தில் கறுத்துப் பிசுபிசுத்த திட்டு ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். பல வருடம் ஓடிய காரில் இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகி வெடித்திருக்கும். கண்டன்சரில் கல் பட்ட ஊசித்துளை இருக்கும். கேஸ் ஏற்றும் வாயில் இருக்கும் சின்ன வால்வு கசிவதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. அதன் மூடி தொலைந்திருந்தால் உடனே ஒன்று வாங்கிப் போடுங்கள். அந்த மூடி தூசிக்காக மட்டும் வைத்ததல்ல, கசிவைத் தடுக்கும் இரண்டாவது காவலும் அதுதான்.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை பூசிப் பார்க்க வேண்டும், அல்லது மின்னணுக் கசிவு கண்டுபிடிப்பானால் தேட வேண்டும். டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்றிப் பார்ப்பவர்களைத் தடுத்துவிடுங்கள். அந்தக் காற்றில் ஈரம் இருக்கிறது. மேலும் 134ஏ காற்றோடு கலந்து அழுத்தத்தில் இருக்கும்போது தீப்பிடிக்கவும் கூடும்.

கேஸ் இருக்கிறதா என்று கேஜை மாட்டி, என்ஜின் அணைந்த நிலையில் முள்ளைப் பார்த்து, "100 காட்டுகிறது, நிறைய இருக்கிறது" என்று சொல்வார்கள். இது தவறு. குழாய்க்குள் ஒரு துளி திரவம் இருக்கும் வரை அந்த முள் வெப்பத்தைத்தான் காட்டும். 30 டிகிரியில் 134ஏ ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ., 35 டிகிரியில் 114. உள்ளே 100 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே எண்தான். சமையல் கேஸ் சிலிண்டர் தீரும் நாள் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிகிறதே, அதைப் போல. கேஸின் அளவை எடையில்தான் அறிய முடியும்.

அளவு உங்கள் காரிலேயே எழுதியிருக்கிறது. பானட்டின் உள்பக்கத்தில் அல்லது முன் குறுக்குச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எழுத்து முழுக்க ஜப்பானிய மொழியில் இருந்தாலும் கவலைப்படாதீர்கள்; 134 என்ற எண்ணும், அதன் பக்கத்தில் 0.40, 0.45 என்பது போன்ற கிலோ எண்ணும் புரிந்தால் போதும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் அரை கிலோவுக்குள்தான் பிடிக்கும். அவ்வளவு குறைந்த அளவில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் வித்தியாசம் தெரியும்.

கேஸ் நிரப்பும் முறை

கசிவை அடைத்த பிறகு, மீதமிருக்கும் கேஸை இயந்திரத்தில் மீட்டெடுத்து எடை பார்க்க வேண்டும். காற்றில் திறந்துவிடக் கூடாது. 134ஏ காற்று மண்டலத்தைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவானது. 2024 ஏப்ரல் 28 அன்று நம் மியான்மாரின் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெயிலிலிருந்து தப்பத்தான் நமக்கு ஏசி வேண்டியிருக்கிறது. அதன் கேஸை வானத்தில் விட்டு வெயிலுக்கே துணை போகலாமா?

அடுத்தது வாக்குவம். குறைந்தது அரை மணி. மழைக்காலமாக இருந்தால் நான் முக்கால் மணிக்குக் குறைந்து விடுவதில்லை. காற்றை வெளியே இழுப்பதோடு உள்ளே இருக்கும் ஈரத்தைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவதும் இதன் வேலை. அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் தண்ணீர் 30 டிகிரியிலேயே கொதிக்கும். பிறகு பம்பை நிறுத்தி, குழாய்களை மூடி, கால் மணி நேரம் முள்ளைக் கவனிக்க வேண்டும். முள் நகர்ந்தால் கசிவு இன்னும் இருக்கிறது; நிரப்பாதீர்கள்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. வாக்குவம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடும். காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இல்லாத பம்பாக இருந்தால், வெளிக்காற்றும் பம்பின் எண்ணெயும் குழாய் வழியே காரின் ஏசிக்குள் இழுக்கப்பட்டுவிடும். விளக்கு அணைந்த அந்த நொடியிலேயே கேஜின் இரண்டு குழாய்களையும் மூடிவிட வேண்டும். எங்கள் பட்டறையில் வாக்குவம் போட்ட பையன் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது சட்டம். உங்கள் கார் வேலையின் நடுவே மின்சாரம் போனால், மறுபடி முதலிலிருந்து வாக்குவம் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

அதன் பிறகு கேஸ் டப்பாவை அல்லது சிலிண்டரைத் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு ஏற்ற வேண்டும். என்ஜின் ஓடும்போது கீழ் அழுத்தப் பக்கத்தில் மட்டும், ஆவியாக, மெதுவாக. ஓடும் நேரத்தில் மேல் அழுத்தக் குழாயைத் திறந்தால் 200 பி.எஸ்.ஐ.-க்கும் மேலான அழுத்தம் டப்பாவுக்குள் பாய்ந்து அது வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. திரவம் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்டன்சர் மாற்றியிருந்தால் அதோடு போன எண்ணெய்க்கு ஈடாக ஏறத்தாழ 30 முதல் 40 மில்லி சேர்க்க வேண்டும். எண்ணெய் கம்ப்ரசருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

கேஸின் தரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 134ஏ என்று அச்சிட்ட டப்பாவில் வேறு கேஸ் அடைத்து விற்பது உலகம் முழுவதும் நடக்கிற மோசடி. 2011-இல் குளிரூட்டிய கப்பல் கொள்கலன்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். அவற்றில் மீத்தைல் குளோரைடு கலந்த போலிக் கேஸ் இருந்தது. அது அலுமினியத்தோடு வினை புரிந்து, காற்றுப் பட்டதும் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். காரின் ஏசி குழாய்களும் அலுமினியம்தான். நிழலில் சில மணி நேரம் கிடந்த சிலிண்டரில் கேஜை மாட்டுங்கள். 30 டிகிரியில் 97-க்கு அருகே காட்ட வேண்டும். வீட்டு ஏசிக்கான ஆர்-22 ஆக இருந்தால் 158 காட்டும். கலவைகள் சரியான எண்ணைக் காட்டி ஏமாற்றவும் கூடும் என்பதால், நம்பிக்கையான கடையில் முத்திரை உடையாத சிலிண்டராக வாங்குவதே பாதுகாப்பு. புதிய கார்கள் சிலவற்றில் 1234ஒய்.எஃப். என்ற வேறு கேஸ் இருக்கிறது. அதன் வாய் அமைப்பே வேறு. அடாப்டர் போட்டு 134ஏ ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.

கேஸ் அடித்த பிறகு முன்பைவிட மோசம்

"கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. கண்டன்சருக்குள் திரவம் நிறைந்துவிட்டால், கேஸ் குளிர்ந்து திரவமாக இடம் இருக்காது. அழுத்தம் ஏறும், குளிர் குறையும், என்ஜின் இழுக்கத் திணறும், கடைசியில் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும்.

வெளியே 30 முதல் 35 டிகிரி, என்ஜின் 1500 சுற்று என்றால் கீழ்ப் பக்கம் 25 முதல் 40, மேல் பக்கம் 200 முதல் 250 பி.எஸ்.ஐ. வருவது இயல்பு. இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்திருந்தால் கேஸ் மிகுதி, அல்லது வாக்குவம் எடுக்காமல் உள்ளே தங்கிய காற்று, அல்லது முன்னே சொன்ன விசிறிக் கோளாறு. கீழே உயர்ந்தும் மேலே தாழ்ந்தும் இருந்தால் கம்ப்ரசருக்குள் அழுத்தும் சக்தி போய்விட்டது. கீழே பூச்சியத்துக்கும் தாழ்ந்து மேலேயும் தாழ்ந்தால் நடுவில் அடைப்பு. கேஜ் மாட்டும்போது நீங்களும் பக்கத்தில் நின்று இந்த எண்களைப் பாருங்கள். நல்ல மெக்கானிக் எவரும் இதற்குக் கோபப்பட மாட்டார். "சயா (ஐயா), முள் என்ன சொல்கிறது?" என்று கேட்டால் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு

பிரியஸ், அக்குவா போன்றவற்றில் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை. உயர் மின்னழுத்த மோட்டார் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மோட்டாரின் சுருள் எண்ணெயிலேயே நனைந்திருக்கும். சாதாரணக் கார்களின் ஏசிக்கு ஊற்றும் பேக் (PAG) எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தும். அது சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு கெட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியே கிளம்ப மறுக்கலாம். அதற்கென்று உள்ள எஸ்டர் வகை எண்ணெய் மட்டும்தான் போக வேண்டும். முந்தைய காரில் பயன்படுத்திய கேஜ் குழாய்க்குள் தங்கிய பேக் எண்ணெய் கூடக் கெடுதல் செய்யும். ஹைபிரிட்டுக்குத் தனிக் குழாய் வைத்திருக்கிறார்களா என்று கேட்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆரஞ்சு நிற ஒயர்களில் நீங்களாகக் கை வைக்கவே கூடாது.

நாற்றமும் நனைந்த காலடியும்

இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருபவை. கூலிங் காயிலில் வழியும் தண்ணீர் ஒரு சிறு ரப்பர்க் குழாய் வழியே சாலையில் சொட்ட வேண்டும். அது அடைத்தால் தண்ணீர் உள்ளே வழியும். 1970-இல் நாம் சாலையின் வலப்பக்கம் ஓட்டத் தொடங்கி இத்தனை வருடம் ஆன பிறகும் வலப்பக்க ஸ்டீயரிங் கார்களே நம்மிடம் மிகுதி. அவற்றில் காயில் இடப்பக்கம் இருப்பதால் இடப்பக்கப் பயணியின் காலடிதான் நனையும். மழைநீர் கசிகிறது என்று நினைத்துக் கதவு ரப்பரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். காருக்கு அடியில் அந்தக் குழாயை வளையும் கம்பியால் மெல்லக் குத்தினால், குபுக்கென்று தண்ணீர் கொட்டி முடிந்துவிடும்.

நாற்றத்துக்கு வாசனைத் திரவியம் மருந்தல்ல. ஈரக் காயிலில் பூஞ்சை வளர்ந்திருக்கிறது. நுரை மருந்து அடித்துக் கழுவிவிட்டு, அன்றிலிருந்து வீட்டை அடைய நான்கைந்து நிமிடம் இருக்கும்போதே ஏசியை அணைத்துக் காற்றை மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும்.

மழையில் கண்ணாடி பனித்தால்

உள்பக்கம் பனித்தால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றி, கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும். வெளிப்பக்கம் பனித்தால் கண்ணாடி அளவுக்கு மேல் குளிர்ந்துவிட்டது. குளிரைக் குறைத்து வைப்பரைப் போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் ஏசியே வேண்டாம் என்று மாதக் கணக்கில் அணைத்து வைப்பவர்கள் வாரம் ஒரு முறை பத்து நிமிடமாவது ஓட்டுங்கள். கம்ப்ரசர் தண்டின் சீல் எண்ணெயில் நனைந்திருந்தால்தான் காயாமல் இருக்கும். பங்குனியில் எங்களிடம் வரும் கசிவுகளில் பல, காய்ந்துபோன சீலில் தொடங்கியவை.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது

ரசீதில் நான்கு விவரங்களை எழுதி வாங்குங்கள்: வெளியே எடுத்த கேஸ் எத்தனை கிராம், உள்ளே ஏற்றியது எத்தனை கிராம், எண்ணெயின் வகையும் அளவும், துவாரத்தில் வந்த வெப்பநிலை. 450 கிராம் பிடிக்கும் காரிலிருந்து 400 கிராம் வெளியே வந்திருந்தால், குளிர் குறைந்ததற்குக் காரணம் கேஸ் அல்ல என்று அந்த எண்ணே சொல்லிவிடும். அதே விவரங்களைத் தேதியோடு ஒரு சிறு சீட்டில் எழுதி, ஜப்பானிய ஸ்டிக்கரின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை பானட்டைத் திறக்கிறவர் யாராக இருந்தாலும் கேஜை எடுப்பதற்கு முன் அதைப் படிக்கட்டும்.